திட்டுவதற்கு ஒரு டிமெல்லோ

இந்த சீட்டுக்கு யாராவது வருகிறார்களா அக்கா? இல்லையா? அப்படியென்றால் உட்கார்ந்துகொள்கிறேன். அந்த மிக்சியை மடியிலேயே வைத்துக்கொள்ளப் போகிறீர்களா? வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் இப்போது ஒன்று சொல்லப் போகிறேன். அதைக் கேட்டு நீங்கள் சிரிக்கிற சிரிப்பில் மிக்சி உருண்டு டிரைவர் காலடிக்குப் போய்விடும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.

சத்தியமாகச் சிரிப்பு வரும். ஆனால் உடனே வராது. அவசரப்படக் கூடாது. முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ள வேண்டும், அப்புறம் பிரச்சினையைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கப்புறம்தான் சிரிப்பு. செங்கரடு போய்ச் சேருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

என் பெயர் யோகேஸ்வரி. மாம்பாறை அரசு மேல்நிலைப் பள்ளி, பதினொன்றாம் வகுப்பு, கம்ப்யூட்டர் குரூப். எனக்குப் படிப்பு சுமார். குரல் மட்டும் ஊரில் யாருடையது என்றாலும் வரும். காதில் ஒரு தடவை விழுந்தால் போதும், வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த பஸ் கண்டக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். “ஏறுறவங்க ஏறு, எறங்குறவங்க எறங்கு, படியில நிக்கிறவரு என்ன எங்க வீட்டு மாப்பிள்ளையா, வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா, உள்ள வாய்யா!” சரியாக இருக்கிறதா? திரும்பிப் பார்க்கிறார் பாருங்கள். ஜன்னல் பக்கம் பார்ப்பது மாதிரி இருங்கள். விசில் மட்டும் நான் அடிப்பதில்லை. ஒரு தடவை அடித்தேன், டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் டீக்கடையில் வடையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

சிரிக்காதீர்கள், இது கதை இல்லை. கதை இனிமேல்தான்.

எங்கள் ஹெட்மாஸ்டர் கதிர்காமநாதன் சார். பேசுவதற்கு முன்னால் இரண்டு இருமல் இருமுவார். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. “க்கும். க்க்க்கும். நான் என்ன சொல்ல வர்றேன்னா…” பிரேயரில் இப்படி ஆரம்பித்தால் வெயில் உச்சந்தலையிலிருந்து கழுத்துக்கு இறங்கிவிடும், அவர் சொல்ல வந்தது மட்டும் வந்து சேராது. நல்ல மனிதர். கொஞ்சம் ஏமாளி. அதுதான் கதையே. அவரை நான் எப்படி ஏமாற்றினேன், இன்னும் எப்படி ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான். இன்றைக்குச் சனிக்கிழமை லீவு நாளில் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு இந்த பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுகூட அந்த வேலையாகத்தான்.

அடுத்து பெனடிக்டா டீச்சர், கம்ப்யூட்டர் டீச்சர். கம்ப்யூட்டரிடம் கைக்குழந்தையிடம் பேசுகிற மாதிரிப் பேசுவார். “எந்திரி ராசா, எந்திரி. பிள்ளைங்கல்லாம் வந்து உக்காந்திருக்காங்க பாரு. மூஞ்சியைக் காட்டு கண்ணு.” அந்த ராசா எழுந்திருப்பதற்குள் எங்களுக்குப் பாதி பீரியடு போய்விடும். ஏதோ ஒரு ஆபீசில் வேண்டாம் என்று கழித்து எங்களுக்குத் தந்த மெஷின்கள். முன்பு அதில் இருந்த சாஃப்ட்வேர் காலாவதியாகி, எதைத் தொட்டாலும் “காசு கட்டு” என்று வந்து நிற்கும். டீச்சர் ஒரு காலாண்டு லீவு முழுக்க உட்கார்ந்து அதையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டார்.

லினக்ஸ் என்றால் பயப்படாதீர்கள் அக்கா. கம்ப்யூட்டரை ஓட வைக்கிற அடிப்படை சாஃப்ட்வேர். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் எடுத்துக் கொடுக்கலாம். உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று திறந்து பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். அதோடு கடிதம் எழுத, கணக்குப் போட, படம் வரைய எல்லாம் சேர்ந்தே வந்தது. மெனுவெல்லாம் தமிழில். சின்னப் பிள்ளைகளுக்கு டக்ஸ் பெயிண்ட் என்று ஒன்று. அதில் ஒரு பெங்குவின் நின்றுகொண்டு, நீங்கள் எப்படிக் கிறுக்கினாலும் கோபப்படாது. எங்கள் பள்ளியில் கோபப்படாத ஒரே ஜீவன் அதுதான்.

எனக்கு அதையெல்லாம்விட முக்கியம் ஆடாசிட்டி. குரலைப் பதிவு செய்யலாம். அதன்மேல் இன்னொரு குரல், அதன்மேல் இன்னொன்று. நான் ஒரே ஆளாக ஒரு முழு ஸ்டாஃப் மீட்டிங்கை அதில் நடத்தியிருக்கிறேன். ஹெட்மாஸ்டர் இருமுகிறார், பி.டி. சார் கொட்டாவி விடுகிறார், பெனடிக்டா டீச்சர் பிரிண்டருக்குத் தாலாட்டுப் பாடுகிறார், வெளியே சத்துணவுக் கூடத்தில் நுழைந்த ஆடு கத்துகிறது. எல்லாம் நான். ஆடு ரொம்பப் பிரமாதமாக வந்திருந்தது. வீட்டில் இருப்பது பட்டன் போன். லேப் இல்லையென்றால் நான் ஒரு குரல்தான் அக்கா. லேப் இருந்தால் நான் ஒரு ஊர்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். ஒருநாள் ஹெட்மாஸ்டர் லேபுக்குள் வந்தார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். அவர் ஸ்கிரீனைப் பார்த்தார், பெங்குவினைப் பார்த்தார்.

“க்கும். இந்த வாத்து என்ன விலை டீச்சர்?”

“விலையெல்லாம் இல்லை சார். இலவசம்.”

அவ்வளவுதான். முகம் சுருங்கிப் போய்விட்டது. “இலவசமா? ஓசியில ஒருத்தன் குடுக்கிறான்னா உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம்.”

உங்கள் மிக்சிகூட கவர்மெண்டு கொடுத்ததுதானே? ஸ்டிக்கரைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக ஓடுகிறதா? ஜாரில் மட்டும்தான் கோளாறா? இதை ஹெட்மாஸ்டரிடம் சொன்னால் நம்பவே மாட்டார். அவர் வீட்டு மிக்சியைப் பெட்டியைப் பிரிக்காமலே பரணில் போட்டு வைத்திருக்கிறாராம்.

டீச்சர் பாவம், பொறுமையாக விளக்கினார். “கோலம் மாதிரி சார். ஒருத்தங்க வாசல்ல போடுறாங்க. புள்ளி எல்லாருக்கும் தெரியுது. பார்த்து நம்ம வாசல்ல போட்டுக்கலாம், ரெண்டு இதழ் சேர்த்து மாத்திப் போட்டுக்கலாம். யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க.”

“எங்க தெருவுல வருவாங்க,” என்றார் ஹெட்மாஸ்டர். அப்புறம் பெரிய இருமலை இருமினார். “நான் என்ன சொல்ல வர்றேன்னா, இது ரிப்பேரானா நான் யாரைக் கூப்பிட்டுத் திட்டுறது? மோட்டார் ஓடலைன்னா மோட்டார்காரன் இருக்கான், கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்கலாம். கூரை ஒழுகினா காண்டிராக்டர் இருக்கான். இதுக்கு யாரு ஓனர்?”

“ஓனர்னு தனியா யாரும் இல்லை சார். எல்லாரும்தான்.”

“எல்லாரையும் எப்படி டீச்சர் திட்ட முடியும்? இந்த வாத்தையா கூப்பிட்டுத் திட்டுறது?”

அன்றைக்கே சொல்லிவிட்டார். அரையாண்டு முடிந்ததும் மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டு, உடைந்த பெஞ்சுகளை அடுக்க அந்த அறையை எடுத்துக்கொள்வதாக. லேப் போனால் கம்ப்யூட்டர் குரூப் போகும். பன்னிரண்டாம் வகுப்பை நாங்கள் திண்டுக்கல்லில் போய்த்தான் படிக்க வேண்டும். எங்கள் அப்பாவிடம் கேட்டேன். “ரெண்டு பஸ் மாறிப் போய்ப் படிக்கிற படிப்பு ஒண்ணும் வேணாம். பேசாம தையல் கத்துக்க” என்று சொல்லிவிட்டார். எங்கள் அப்பா குரல் மட்டும் நான் செய்து காட்ட மாட்டேன் அக்கா. அதில் சிரிப்பு இல்லை.

சரி, சிரிப்பு இனிமேல்தான். கவனியுங்கள். ஹெட்மாஸ்டருக்கு என்ன வேண்டும்? சாஃப்ட்வேரைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். இல்லாத ஆளை உண்டாக்குவதுதானே என் தொழில்!

என் சிநேகிதி ஜெசிமாவின் அண்ணன் பழைய போன் ஒன்று வைத்திருந்தார், சிம்மோடு. சாப்பாட்டு மணி அடித்ததும் அதை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். குரலை முன்னாலேயே தயார் செய்து வைத்திருந்தேன். மேல்பாதி கஸ்டமர் கேரில் பேசுகிற ஆள், கீழ்பாதி எங்கள் ஊருக்கு வருகிற ஹோமியோபதி டாக்டர். நாற்பது வயசு, கொஞ்சம் தொந்தி, கழுத்தில் டை. ஜெசிமா பின்னணிச் சத்தம். டிபன் மூடியில் விரலைத் தட்டி டைப் அடித்தாள், வாயாலேயே லிஃப்டுக்கு ‘டிங்’ கொடுத்தாள்.

“குட் ஆஃப்டர்நூன் சார். திஸ் ஈஸ் டிமெல்லோ ஃப்ரம் பெங்களூர். உங்கள் பள்ளியில் எங்கள் கம்பெனி சாஃப்ட்வேர் ஓடுவதாகக் கேள்விப்பட்டோம். நாங்கள்தான் சார் அதற்குப் பொறுப்பு. எந்தக் குறை இருந்தாலும் என்னைக் கூப்பிட்டு நீங்கள் திட்டலாம்.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம். அப்புறம் சின்ன இருமல். “திட்டலாமா?”

“தாராளமாக சார்.”

“எப்ப வேணா?”

“எப்ப வேணா சார்.”

அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளியில் மணி அடித்துவிட்டது அக்கா! தொட்டிக்குப் பக்கத்தில்தான் மணியாக அடிக்கிற தண்டவாளத் துண்டு தொங்குகிறது. ஹெட்மாஸ்டர் கேட்டார், “என்ன டிமெல்லோ சார், உங்க ஆபீசுலயும் மணி அடிக்கிறாங்க?” நான் அசரவில்லை. “ஆமாம் சார், லஞ்ச் முடிந்துவிட்டது. இங்கே ரொம்ப ஸ்டிரிக்ட்.” ஒரு இருமல் இருமினார். “நல்ல கம்பெனி. சரி, உங்க மணி அடிச்சிருச்சு பாருங்க, முதல்ல கிளாசுக்கு… உங்க வேலைக்குப் போங்க” என்று வைத்துவிட்டார்.

ஏன் அக்கா இப்போதே சிரிக்கிறீர்கள்? இன்னும் சிரிக்கிற இடமே வரவில்லை. மிக்சியைப் பிடியுங்கள்.

மறுநாள் பிரேயரில் அறிவித்துவிட்டார். “நம்ம கம்ப்யூட்டர் லேபுக்கு ஓனர் கிடைச்சிட்டாரு. பெங்களூர்க்காரர். ரொம்பப் பொறுப்பான ஆளு.” பெனடிக்டா டீச்சர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அப்போதிருந்து ஒரே பல்வலி. டிமெல்லோ பெயரை எடுத்தாலே கைக்குட்டை எடுத்துவிடுவார், பாவம்.

ஆனால் நடந்தது என்ன? எடைக்குப் போடுகிற பேச்சு நின்றது. அதற்குப் பதிலாக ஹெட்மாஸ்டர் லேபைப் பூட்டிவிட்டார்! ஆயுத பூஜைக்குத் திறந்து ஒவ்வொரு மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார், பெங்குவின் நெற்றியில்கூட ஸ்கிரீனின் மேல் ஒரு பொட்டு, அப்புறம் திரும்பவும் பூட்டு. “பெரிய கம்பெனி பொருளு. பிள்ளைங்க கை வைக்கலாமா?” ஓசி என்றால் குப்பை, கம்பெனி என்றால் சாமி. எப்படிப் பார்த்தாலும் எங்களுக்கு லேப் இல்லை.

இதைவிட முட்டாள்தனம் உண்டா? சொல்லுங்கள். டிமெல்லோ மறுபடி போன் போட வேண்டியதாகிவிட்டது.

“சார், எங்கள் சாஃப்ட்வேர் தினமும் ஓடவில்லை என்றால் உறைந்து போய்விடும் சார்.”

“அய்யய்யோ. அப்ப யாரு ஓட்டுறது? பெனடிக்டா டீச்சருக்கு எட்டாம் வகுப்புக் கணக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கேன். உங்க கம்பெனியில இருந்து ஆள் அனுப்புவீங்களா?”

இங்கேதான் என் மூளையைப் பாருங்கள். “கம்பெனி உங்கள் மாணவர்களிலிருந்தே ஒருவரைத் தேர்வு செய்யும் சார். நன்றாகப் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.”

“பேசத் தெரிஞ்ச பிள்ளைன்னா ஒண்ணு இருக்கு,” என்றார். “யோகேஸ்வரின்னு பேரு. வாய் வங்காள விரிகுடா வரைக்கும் போகும். ஆனா ஒரு இடத்துல உக்காராது. அதை எப்படி உக்கார வைக்கிறது?”

“அதை நான் பார்த்துக்கொள்கிறேன் சார்,” என்றேன். என்றார் டிமெல்லோ.

அன்றிலிருந்து தினமும் கடைசி பீரியடு ஆறாம் வகுப்புக்கு நான்தான் கம்ப்யூட்டர் டீச்சர்! அவரே சாவியை என் கையில் கொடுத்தார். எப்படிச் சாதித்தேன் பார்த்தீர்களா? வேறு பிள்ளைகள் எல்லாம் கிரவுண்டில் எறிபந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள், நான் மட்டும் உள்ளே நாற்பது வாண்டுகளுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு அப்படி ஒரு வெற்றி.

டிமெல்லோவைத் திட்டுவதில் ஹெட்மாஸ்டருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது தனிக் கதை. முன்பெல்லாம் ஸ்டாஃப் ரூமில் நின்று கத்துவார். இப்போது எல்லாம் பெங்களூருக்குப் போய்விடுகிறது. டீச்சர்கள் முகமே தெளிந்துவிட்டது. ஆனால் மரியாதை தெரிந்த மனிதர் அக்கா. பாட நேரத்தில் ஒருநாளும் டிமெல்லோவுக்குப் போன் செய்ததில்லை. சாப்பாட்டு மணி அடித்து, நானும் ஜெசிமாவும் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டு முடித்ததும்தான் அடிப்பார். எங்கள் வசதிக்கென்றே அமைந்த மாதிரி!

“டிமெல்லோ சார், என்ன கம்பெனி நடத்துறீங்க? நேத்து கடைசி பெஞ்சு பிள்ளைங்க கைக்கு மவுஸே வரல. முன்னாடி இருக்கிறவங்களே வச்சுக்கிட்டிருந்தா எப்படி? உங்க ஆளுகிட்ட சொல்லுங்க.”

“சொல்லிவிடுகிறேன் சார்.” மறுநாள் நான் பெஞ்சை மாற்றி உட்கார வைத்தேன்.

“டிமெல்லோ சார், இந்தப் படம் வரையிற சாஃப்ட்வேருக்குத் தமிழ்ல ஒரு கையேடு வேணும். ஆறாம் வகுப்புப் பிள்ளை வாசிச்சுப் புரிஞ்சுக்கணும். பொங்கல் லீவுக்குள்ள.”

“எங்கள் எழுத்துப் பிரிவில் சொல்கிறேன் சார்.” எழுத்துப் பிரிவு என்றால் நானும் ஜெசிமாவும்தான். உட்கார்ந்து எழுதினோம், விரல் வீங்க. ‘பெங்குவினைப் பார்த்துப் பயப்படாதே, அது உன்னைவிடப் பயந்த சுபாவம்’ என்பது நான் எழுதிய வரி. அதைக் கடிதம் எழுதுகிற சாஃப்ட்வேரான லிப்ரே ஆபிசில் ஏற்றி, படம் சேர்த்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். ஹெட்மாஸ்டர் வாசித்துவிட்டு, “பெங்களூர்ல இவ்வளவு நல்ல தமிழா!” என்று ஆச்சரியப்பட்டார். மாணவிகள் எழுதியதைக் கம்பெனி எழுதியது என்று நம்பிவிட்டார் அக்கா! எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. லீவு முழுக்கப் போய்விட்டது, அது வேறு விஷயம்.

ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்திருந்தேன். போன் என்னிடம்தான் இருந்தது. திடீரென்று ஹெட்மாஸ்டர். போர்வைக்குள்ளேயே டிமெல்லோ ஆனேன்.

“என்ன சார், குரல் கம்மியிருக்கு?”

“பெங்களூர் குளிர் சார்.”

“மிளகு கஷாயம் வச்சுக் குடிங்க. ஐஸ் வாட்டர் தொடாதீங்க. அவசரமில்ல, நல்லா ரெஸ்ட் எடுத்துக்கிட்டு திங்கக்கிழமை வாங்க. ஆறாம் வகுப்புல எல்லாம் ஏங்கிப்போய் இருக்கு.”

எவ்வளவு அப்பாவி பாருங்கள்! பெங்களூரில் இருக்கிற ஆளுக்குக் கஷாயம் சொல்கிறார். கண்ணே கலங்கிவிட்டது எனக்கு, காய்ச்சலில்தான்.

அக்கா, நீங்கள் அழுகிறீர்களா சிரிக்கிறீர்களா? முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்லுங்கள். இன்னும் முக்கியமான இடம் வரவில்லை.

போன வாரம் மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். லேபைத் தொடர்வதா மூடுவதா என்று பார்க்க. ஆறாம் வகுப்பு வாண்டுகள் ஒவ்வொன்றும் உட்கார்ந்து தமிழில் டைப் அடிக்கிறது, சத்துணவு முட்டைக் கணக்கை அட்டவணை போட்டுக் கூட்டுகிறது, ஒன்று பெங்குவினுக்கு வேட்டி வரைந்து வைத்திருக்கிறது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இதெல்லாம் காசு கொடுத்து வாங்கினதா சார்?” என்றார்.

ஹெட்மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “ஒரு பைசா இல்லை சார். எல்லாம் கட்டற்ற மென்பொருள். யார் வேணா எடுத்துக்கலாம், மாத்தலாம், குடுக்கலாம். கோலம் மாதிரி” என்றார். டீச்சர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார்! “திட்டுறதுக்குத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு, அதுக்கும் டிமெல்லோன்னு ஒருத்தரு கிடைச்சாரு.”

“யாரு சார் அது?”

“பெங்களூர்க்காரரு. வயசு கம்மி. துடுக்கு ஜாஸ்தி. ஆனா உருப்படியா வருவாரு.”

வயசு கம்மியாம்! நான் நாற்பது வயசுக் குரல் கொடுத்திருக்கிறேன். காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது அவருக்கு.

அதிகாரி ஒரு நிபந்தனை வைத்தார். செங்கரடு பள்ளியிலும் இதே மாதிரி மெஷின்கள் தூசி படிந்து கிடக்கின்றனவாம். அங்கேயும் இதைப் போட்டு ஓட வைத்துவிட்டால், அதைக் காட்டி அடுத்த வருஷத்துக்கு எங்கள் குரூப்புக்கு அனுமதி வாங்கித் தருகிறேன் என்றார். ஓடவில்லை என்றால் கஷ்டம்தான். ஆகக்கூடி, இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அங்கே மெஷின்கள் எழுந்தால் நான் பன்னிரண்டாம் வகுப்பு. எழவில்லை என்றால் தையல்.

உடனே ஹெட்மாஸ்டர் டிமெல்லோவைக் கூப்பிட்டார். “சனிக்கிழமை செங்கரடுக்கு உங்க இன்ஜினியரை அனுப்புங்க.” நான் என்ன சொல்ல முடியும்? “கண்டிப்பாக அனுப்புகிறேன் சார்” என்றேன். “இன்ஜினியருக்கு ஒத்தாசைக்கு நம்ம பள்ளியிலருந்து யாரை அனுப்பட்டும்?” என்றார். “உங்கள் இஷ்டம் சார்” என்றேன். என்னையே அனுப்பிவிட்டார்! நேற்று சாயங்காலம் கூப்பிட்டு பஸ்சுக்குக் காசு கொடுத்தார். இன்று காலை ஸ்டாப்பில் வந்து நின்று இந்தத் துணிப்பையைக் கையில் கொடுத்து ஏற்றிவிட்டார். பென்டிரைவெல்லாம் இதில்தான் இருக்கிறது. பெனடிக்டா டீச்சர் எப்படிப் போட வேண்டும் என்று மூன்று நாள் எனக்கு மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுத்தார், இன்ஜினியர் வருகிறார் என்று தெரிந்தும்! இவர்களுக்கெல்லாம் விவரமே பத்தாது.

இன்ஜினியரா? அங்கே போய் “இன்ஜினியர் டிராபிக்கில் மாட்டிக்கொண்டார்” என்று சொல்லிவிட்டு நானே போட்டுவிடுவேன். இத்தனை பெரிய மனிதரை இத்தனை மாசமாக…

இருங்கள் இருங்கள், போன். அவரேதான்! டிமெல்லோவைக் கூப்பிடுகிறார். இப்போது பாருங்கள் வேடிக்கையை, மூச்சு விடாதீர்கள்.

“குட் மார்னிங் சார், டிமெல்லோ ஹியர்.”

“க்கும். க்க்க்கும். டிமெல்லோ சார், என்ன பஸ் சத்தம் கேக்குது?”

“பெங்களூர் டிராபிக் சார்.”

“‘செங்கரடு விலக்கு எறங்குறவங்க முன்னால வாங்க’ன்னு ஒருத்தர் கத்துறாரே?”

“அவர்… நம்ம பக்கத்து ஆள்தான் சார். இங்கே வந்து கண்டக்டராக இருக்கிறார்.”

“பொழச்சுப் போகட்டும். நான் என்ன சொல்ல வர்றேன்னா, நீங்க ரோடு பிரியிற அந்த விலக்குல எறங்கிராதீங்க, அடுத்த ஸ்டாப்புதான் பள்ளிக்கூடம். அந்த ஊர் ஹெட்மாஸ்டரம்மா கேட்டுகிட்ட நிப்பாங்க. பதற வேணாம், மெதுவா ஒவ்வொரு மெஷினாப் போடுங்க. எந்திரிக்கலைன்னா டீச்சருக்குப் போன் போடுங்க, அவங்க வீட்டுலதான் இருக்காங்க. அப்புறம் அந்தப் பையில, பென்டிரைவுக்கு அடியில ஒரு டப்பா இருக்கு. எங்க வீட்டுல தயிர் சாதம் கட்டிக் கொடுத்தாங்க. வெயில்ல புளிச்சிரும், பன்னெண்டு மணிக்குள்ள சாப்பிட்டிருங்க.”

“ஷ்யூர் சார். தேங்க் யூ சார்.”

வைத்துவிட்டார்! பார்த்தீர்களா அக்கா? எப்படிச் சமாளித்தேன்? பெங்களூரில் கண்டக்டர் ‘செங்கரடு விலக்கு’ என்று கத்துகிறார், அதையும் நம்பிவிட்டார் மனிதர்! பெங்களூரில் உட்கார்ந்திருக்கிற டிமெல்லோவைத் தயிர் சாதம் சாப்பிடச் சொல்கிறார்! டிமெல்லோ அங்கே இருந்துகொண்டு இங்கே பையில் இருக்கிற டப்பாவை எப்படி எடுத்து…

பை என் மடியில்தானே இருக்கிறது.

இருங்கள். கையை விட்டுப் பார்க்கிறேன். பென்டிரைவ். ஒயர். இன்னொரு ஒயர். ஆமாம், டப்பா. மேலே ஊறுகாயைத் தனியாக இலையில் மடித்து வைத்திருக்கிறது. ஒரே ஒரு ஸ்பூன்.

இன்ஜினியருக்கு ஸ்பூன் வைக்கவில்லையே.

அக்கா, கொஞ்சம் சிரிப்பை நிறுத்துங்கள். நிறுத்துங்கள் என்கிறேன், நான் யோசிக்க வேண்டும். அவர் டிமெல்லோவிடம்தானே பேசினார்? டிமெல்லோவைத்தானே அடுத்த ஸ்டாப்பில் இறங்கச் சொன்னார்?

ஐயையோ.

முதல் நாளிலிருந்தேவா?